அடிக்காதவனின் தப்பு

புதிதாக ஸ்டீயரிங் பிடிக்க வந்திருக்கும் தம்பிகளுக்கும், இந்த வருடம் சேர்ந்திருக்கும் ஒரே தங்கச்சிக்கும்,

முதலாளியின் மகன் என்னிடம் கேட்டது வேறு. டீசலை மிச்சம் பிடிப்பது எப்படி, கிளட்சைத் தேய்க்காமல் ஓட்டுவது எப்படி என்று நான்கு பக்கம் எழுதிக் கொடுங்கள், எல்லாருக்கும் பிரின்ட் போட்டுக் கொடுக்கிறேன் என்றார். அதெல்லாம் மூன்று மாதத்தில் உங்கள் காலுக்கே தெரிந்துவிடும். அதற்கு நான் எழுத வேண்டியதில்லை. நான் எழுதப் போவது தத்துவம். சிரிக்காதீர்கள். விழுப்புரம் – திண்டிவனம் ரூட்டில் இருபத்தாறு வருடம் வண்டி ஓட்டியவனுக்குத் தத்துவம் எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

காலை எட்டு இருபது வண்டியில் ஒரு டீச்சர் வருவார். திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் தத்துவம் நடத்துகிறவர். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். என் சீட்டுக்கு நேர் பின்னால் ஜன்னலோரம் உட்காருவார். வண்டி ஓடும்போது ஒரு வார்த்தை பேசமாட்டார். புறப்படுவதற்கு முன் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் பத்து நிமிடம்தான் எங்கள் பேச்செல்லாம். அன்றைக்கு வகுப்பில் என்ன சொல்லப் போகிறாரோ அதை முதலில் என்னிடம் சொல்லிப் பார்ப்பார். "உங்களுக்குப் புரிஞ்சா என் பசங்களுக்குப் புரியும் அண்ணா" என்பார். அது பாராட்டா இல்லையா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

முதலில் அவர் சொன்னது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தண்டவாளத்தில் பிரேக் இல்லாத ஒரு வண்டி வருகிறது. நேரே போனால் ஐந்து பேர் சாவார்கள். லிவரை இழுத்தால் வண்டி பக்கத்துத் தண்டவாளத்துக்குப் போகும், அங்கே ஒருத்தர் நிற்கிறார். இழுப்பீர்களா?

"டீச்சர், அந்த வண்டிக்குக் காலையில பிரேக் பார்த்தது யாரு?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "அதைக் கேட்கக் கூடாதுண்ணா. பிரேக் இல்லைன்னு வச்சுக்கணும். அப்பத்தான் நம்ம மனசு ஒண்ணையும் அஞ்சையும் எப்படி நிறுக்குதுன்னு தெரியும்."

யோசித்துப் பார்த்தேன். நம் ஷெட்டில் மெக்கானிக் என்ன செய்கிறார்? ஜாக்கி வைத்துப் பின் சக்கரத்தைத் தூக்கிவிட்டு எஞ்சினை ஓட விடுகிறார். சக்கரம் சுற்றுகிறது, வண்டி எங்கும் போவதில்லை. ஆனால் சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரிந்துவிடும். ரோட்டில் ஓடும்போது ஆயிரம் சத்தத்தில் அது கேட்காது. இந்தக் கதைகளும் அப்படித்தானா என்று கேட்டேன். டீச்சர் பையிலிருந்து நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

இன்னொரு நாள் மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, வைத்து ஒரு கதை சொன்னார். களத்தில் ஒரு மூட்டை மல்லாட்டையைக் கொட்டினால் அது குவியல். ஒன்றை எடுத்தால்? அப்போதும் குவியல்தான். இன்னொன்று? அப்போதும்தான். ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரே ஒரு கொட்டை கிடக்கும். அது குவியல் இல்லை. அப்படியானால் எந்தக் கொட்டையை எடுத்தபோது குவியல் போனது? யாராலும் சொல்ல முடியாது. ஒரு கொட்டையால் எந்தக் குவியலும் அழிவதில்லை, ஆனாலும் குவியல் அழிந்துவிட்டது.

அன்றைக்கு நான் கண்டக்டரைக் காட்டிச் சிரித்தேன். "இவரு தினமும் 'இன்னும் ஒருத்தர்தாண்ணா, இன்னும் ஒருத்தர்தாண்ணா'ன்னு ஏத்துறாரே, அதானே இது?" சிரித்தேனே தவிர, அந்தக் கதை என்னைப் பற்றியது என்று எனக்கு உறைக்கவில்லை.

போன் விஷயத்தைச் சொல்கிறேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நம் கம்பெனிக்கு ஒரு டைம் கீப்பர் இருந்தார். எந்த வண்டி எங்கே வருகிறது என்று டிரைவருக்கே போன் போட்டுக் கேட்பார். முன்னால் போகும் வேறு கம்பெனி வண்டி ஆளை அள்ளிக்கொண்டு போய்விடக் கூடாதே என்ற கவலை அவருக்கு. முதலில் நான் வண்டி நிற்கும்போது மட்டும்தான் எடுத்தேன். அப்புறம் டோல்கேட்டில் ஊர்ந்து போகும்போது எடுத்தேன். அப்புறம் ரோடு காலியாக இருந்தால் எடுத்தேன். அப்புறம், இரண்டே வார்த்தைதானே என்று எடுத்தேன். ஒவ்வொரு படியும் போன படியைவிட ஒரு கொட்டை அளவுதான் அதிகம். ஒரு வருடத்தில், அறுபதில் போய்க்கொண்டிருக்கும்போது வலது கையால் ஸ்டீயரிங்கும் இடது கையால் போனும் பிடிப்பது எனக்குப் பழகிப்போயிருந்தது.

ஏழுமலை எனக்கு அடுத்த வண்டி. எட்டு முப்பத்தைந்து. நான்தான் அவனுக்கு இந்த ரூட்டைப் பழக்கிவிட்டேன். கெடார் பக்கத்துப் பிள்ளை, நிதானமானவன். ஹாரனைக்கூட மரியாதையாக அடிப்பான் என்று கண்டக்டர்கள் கேலி செய்வார்கள்.

கூட்டேரிப்பட்டு தாண்டி, பைபாஸில் நடுச்சுவர் விட்டுப்போன ஒரு இடம் உண்டு. ஊர்ப் பெயர் வேண்டாம். அந்தப் பக்கத்து ஜனங்கள் வேலைக்குப் போவதற்கு அங்கேதான் ரோட்டைத் தாண்டுவார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்த இடத்தை நெருங்கும்போது எனக்கு டைம் கீப்பர் போன் போட்டார். எடுத்தேன். "கூட்டேரிப்பட்டு தாண்டிட்டேன்" என்றேன். வைத்தேன். ரோடு காலி. கடந்து போய்விட்டேன்.

பதினைந்து நிமிடம் கழித்து, அதே இடத்தில், ஏழுமலைக்குப் போன் வந்தது. அவனும் எடுத்தான். அவனும் அதே வார்த்தையைத்தான் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் மல்லாட்டைக் கொல்லையில் களை எடுக்கப் போய்க்கொண்டிருந்த பச்சையம்மாள் என்ற பெண் வண்டிக்கு முன்னால் இருந்தார்.

உயிர் பிழைத்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

அன்று சாயங்காலம் ஷெட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் எல்லாரும் அதையே பேசினோம். நான்தான் சீனியர். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "ரோட்டைப் பார்க்காம போனைப் பார்த்தா இப்படித்தான் ஆவும். நிதானமான பையன்னு நெனச்சிக்கினு இருந்தேன்." அந்த வார்த்தை என் வாயில் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். காலையில் நான் போன் எடுத்தது எனக்கு நினைவில் இல்லாமல் இல்லை. அது வேறு, இது வேறு என்று இருந்தது. எனக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே.

புதன்கிழமை முதலாளி கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். வண்டி ஓடும்போது போன் எடுக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது, எங்களில் யாரும் எடுப்பதில்லை, ஏழுமலை மட்டும்தான் இப்படி நடந்துகொண்டார் என்று டைப் அடித்திருந்தது. கீழே டிரைவர்கள் வரிசையாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். என் மகள் அப்போது நர்சிங் இரண்டாம் வருடம். நான் அதிகம் யோசிக்கவில்லை. போட்டேன்.

வியாழக்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில் டீச்சரிடம் நானாகவே பேச்செடுத்தேன். "பார்த்தீங்களா டீச்சர், அந்தப் பையன் இப்படிப் பண்ணிட்டான். ஒரு குடும்பத்தையே சாய்ச்சுட்டான்."

டீச்சர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்காமலேயே மூடினார்.

"அண்ணா, ஒரு கதை சொல்லட்டுமா? ரெண்டு டிரைவர். ரெண்டு பேரும் ஒரே ரோட்டுல, ஒரே வேகத்துல போறாங்க. ரெண்டு பேரும் ஒரே தப்பைப் பண்றாங்க. ஒருத்தர் முன்னாடி யாரும் வரலை. இன்னொருத்தர் முன்னாடி ஒரு ஆள் வந்துட்டாங்க. யாரு பண்ணது பெரிய தப்பு?"

"இதுல இன்னா கேள்வி? அடிச்சவன்தான்."

"அந்த ஆளை ரோட்டுக்குக் கூப்பிட்டது அவரா?"

"இல்ல."

"அப்போ அவரு கையில இருந்தது எது?"

என் கை சட்டைப் பையிலிருந்த போனைத் தொட்டது.

"ஒரு மனுஷனை அவன் கையில இருந்த விஷயத்துக்குத்தான் குத்தம் சொல்லணும்னு நாம எல்லாரும் ஒத்துக்கறோம். அப்படிப் பார்த்தா ரெண்டு பேரும் ஒண்ணுதான். ஆனா அடிச்சவனோடதுதான் பெரிய தப்புன்னும் நம்ம மனசு அடிச்சுச் சொல்லுது. ரெண்டும் ஒண்ணா நிக்க முடியாது இல்லையா? இதுக்கு அற அதிர்ஷ்டம்னு பேரு. பெரிய பெரிய ஆளுங்க யோசிச்சும் இன்னும் முடிச்சு அவிழலை."

அவ்வளவுதான் சொன்னார். செவ்வாய்க்கிழமை அவர் என் வண்டியில்தான் வந்தார். என் சீட்டுக்கு நேர் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார். நான் போன் எடுத்ததை அவர் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும்; எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அதை வாயால் சொல்லாமல் விட்டார். அந்த மரியாதையை நான் மறக்கமாட்டேன். நீங்களும் ஒருத்தரைத் திருத்த நேர்ந்தால், அவர் தானாகவே வந்து சேர்வதற்குக் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்.

டபுள் விசில் கேட்டது. வண்டியை எடுத்தேன். அந்த இடம் வந்தபோது என் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. வண்டி நின்றே விட்டது. யாரும் ரோட்டைத் தாண்டவில்லை. "இன்னாண்ணா, ஆள் ஏத்தணுமா?" என்று கண்டக்டர் எட்டிப் பார்த்தார். ஓரமாக, தார் ரோட்டில் மணல் தூவிய தடம் இன்னும் இருந்தது. பின்னாலிருந்து லாரிக்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் கியர் போட்டேன்.

சாயங்காலம் முதலாளியிடம் போனேன். அந்தத் தாளைக் கேட்டேன்.

"எதுக்கு?"

"என் கையெழுத்தை அடிக்கணும் முதலாளி. அதுல இருக்கிறது பொய். நானும் எடுத்தேன். அதே இடத்துல, பதினஞ்சு நிமிஷம் முன்னாடி. என் போனைப் பாருங்க, டைம் இருக்குது."

அவர் போனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "யோவ் மூர்த்தி, உன் வண்டியில ஒண்ணும் ஆவலையே. நீ ஏன்யா வந்து மாட்டிக்கிற? பேஜாரு பண்ணாத, போ."

"ஒண்ணும் ஆவலைங்கிறது என் சாமர்த்தியம் இல்ல முதலாளி. அந்த அம்மா வீட்டுல அன்னிக்குக் கஞ்சி கொஞ்சம் ஜல்தியா ஆறியிருந்தா என் வண்டி முன்னாடிதான் வந்திருப்பாங்க."

"அப்போ உன் மேலயும் நடவடிக்கை எடுக்கணும். எடுக்கட்டா?"

மகள் முகம் வந்தது. "எடுங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் அவர் பேனாவை மூடி மூடித் திறந்தார். "உனக்குப் போன் போட்டது யாரு?"

"டைம் கீப்பர்."

"அவனைப் போடச் சொன்னது யாரு?"

அவரே சொன்னார்: "நான்தான்."

அந்தத் தாளை அவர் யாருக்கும் அனுப்பவில்லை. என்னைப் பதினைந்து நாள் வண்டியிலிருந்து இறக்கினார். அதற்குப் பிறகு டைம் கீப்பர் கண்டக்டருக்குத்தான் போன் போட வேண்டும் என்று உத்தரவு போட்டார். இன்று வரைக்கும் நம் கம்பெனியில் அதுதான் நடைமுறை. அது எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். டீக்கடையில் சில பேர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டவர்களை நான் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று அவர்கள் நினைத்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு நாள் முன்பு வரை நானும் அவர்களில் ஒருவன்தான்.

அந்தப் பதினைந்து நாளில் ஒரு நாள் ஏழுமலை வீட்டுக்குப் போனேன். கேஸ் போட்டு, லைசென்ஸைப் பிடித்து வைத்திருந்தார்கள். தாடி வளர்ந்திருந்தது. அவன் சம்சாரம் என்னைப் பார்த்ததும், "அவரைச் சாப்பிடச் சொல்லுங்கண்ணா, மூணு நாளா ஒரு வேளைதான்" என்றார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடையில் பேசியதையும் சேர்த்துத்தான் சொன்னேன். போனை ஒற்றைக் கையில் எடுக்கிற பழக்கம் அவனுக்கு என்னைப் பார்த்து வந்ததுதான் என்பதையும் சொன்னேன். அவன் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"மூர்த்திண்ணா, ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது. அந்தம்மா பதினஞ்சு நிமிஷம் முன்னாடி கெளம்பியிருக்கக் கூடாதான்னு நெனச்சேன். உங்க வண்டின்னு தெரிஞ்சேதான் நெனச்சேன். அப்புறம் என் மேலயே எனக்கு அருவருப்பா ஆயிடுச்சு."

"நானா இருந்தாலும் அதைத்தான்டா நெனச்சிருப்பேன்."

அப்போதுதான் அவன் அழுதான். அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

பச்சையம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு அவரைப் பார்க்கப் போக வேண்டும் என்றான் ஏழுமலை. தனியாகப் போகப் பயந்தான். நானும் போனேன். வாசலில் வேப்ப மரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். மருமகள் பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரு?" என்றார் பச்சையம்மாள்.

"நான்தாம்மா. வண்டி ஓட்டினவன்."

அவர் அவன் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, "ஓடிப் போவாம எறங்கி வந்து, என் முந்தானையைக் கிழிச்சிக் கால்ல கட்டினது நீதானே?" என்றார்.

"ஆமாம்மா."

"முகம் மட்டும் ஞாபகம் கீது."

ஏழுமலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு மனம் தாங்கவில்லை. அவன் ஒருத்தனே அங்கே உட்கார்ந்திருப்பது நியாயமாகப் படவில்லை. டீச்சர் கதையில், முன்னால் யாரும் வராத அந்த டிரைவர் நான்தானே. சொல்லிவிட்டேன்: "அம்மா, நானும் அன்னிக்குப் போன் எடுத்தேன். இவனுக்குக் கொஞ்சம் முன்னாடி, அதே எடத்துல. நீங்க அப்போ வந்திருந்தா நான்தான் அடிச்சிருப்பேன். தப்புல எனக்கும் பாதி இருக்குது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ அடிச்சியா?"

"இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்கு என்கிட்ட வந்து சொல்ற? நான் மன்னிச்சு அனுப்பணுமா? எனக்குப் போனது ஒரு காலு. அதுக்கு ஒருத்தனை மன்னிக்கிறதே பெரும்பாடா கீது, இன்னும் முடியல. நீ வேற வந்து நிக்கிற."

பிறகு ஏழுமலையைக் கை காட்டினார்.

"இவன் தெனம் என்னை நெனச்சிக்கினுதான் இருப்பான். அது இவன் தலையெழுத்து. உன்னோடது அது இல்ல. நீ வேற வேலையப் பாரு. அந்த எடத்துல எங்க ஜனம் இன்னும் தாண்டிக்கினுதான் இருக்குது. நீ தெனம் அந்தப் பக்கம் போறவன்தானே? பார்த்துப் போ."

பிறகு மருமகளைப் பார்த்து, "ரெண்டு பேருக்கும் மோர் குடு" என்றார்.

பதினைந்து நாள் முடிந்து, மறுபடி வண்டி எடுத்த பிறகு டீச்சரிடம் இதைச் சொன்னேன். அவர் கண் கலங்கியது. "இதை வகுப்புல சொல்லலாமா அண்ணா?" என்று கேட்டார். என் பெயர் இல்லாமல் சொல்லுங்கள் என்றேன். அந்த அம்மாவின் பெயரும் வேண்டாம் என்றேன். இங்கே நான் எழுதியிருப்பதும் அவருடைய உண்மையான பெயர் இல்லை.

இந்தப் புதிரின் முடிச்சை நான் அவிழ்த்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஷெட்டில் ஜாக்கி வைத்துப் பார்த்தால் ஏழுமலையும் நானும் ஒன்றுதான். பச்சையம்மாளின் கட்டிலிலிருந்து பார்த்தால் ஒன்று இல்லை. இரண்டும் உண்மை. எந்த ஒன்றையும் என்னால் தள்ள முடியவில்லை. ஆனால் ஒரு விஷயம் தெளிந்தது. ஏழுமலையின் பாரத்தில் பாதியை வாங்கிக்கொள்கிறேன் என்று நான் போனது நல்ல மனசுதான் என்றாலும், அதில் எனக்கு ஒரு சுகமும் இருந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டால் முடிந்தது என்கிற சுகம். அந்த அம்மா அதைக் கொடுக்கவில்லை. அதற்குப் பதில் எனக்கு ஒரு வேலையைக் கொடுத்தார். வேலை என்றால் தினமும் செய்ய வேண்டும்.

ஏழுமலைக்குக் கேஸ் முடிந்து லைசென்ஸ் திரும்பி வந்தது. முதலாளியும் கூப்பிட்டார். அவன் வரவில்லை. திண்டிவனத்தில் ஒரு டயர்க் கடையில் இருக்கிறான். வேலை நன்றாகப் போகிறது. பச்சையம்மாளுக்குச் செயற்கைக் கால் பொருத்தும்போது அவன்தான் கூடப் போய் வந்தான். மன்னித்தாரா என்று நான் கேட்டதில்லை. தீபாவளிக்கு அவன் அங்கே போகிறான் என்பது மட்டும் தெரியும்.

கடைசி ஆறு வருடம் நம் கம்பெனியில் புது டிரைவர்களைப் பழக்கும் வேலை எனக்கு. அப்போது ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தேன். சாயங்காலம் வண்டியை விட்டதும், அன்றைக்கு என்ன தப்புப் பண்ணினோம் என்று ஒவ்வொருத்தரும் ஒன்று சொல்ல வேண்டும். அடித்ததையோ உரசியதையோ அல்ல, அது தானாகவே தெரிந்துவிடும். பண்ணியும் ஒன்றும் ஆகாமல் போனதைச் சொல்ல வேண்டும். சொன்னவரை யாரும் திட்டக் கூடாது. முதல் மூன்று மாதம் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நானேதான் தினமும் என்னுடையதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம், வல்லத்துக்காரர் ஒருத்தர், பத்து வருட சர்வீஸ், சாவியை என் மேஜை மேல் வைத்தார். "அண்ணா, விக்கிரவாண்டி தாண்டி ஒரு செகண்டு கண்ணை மூடிட்டேன். வீட்டுல கொழந்தைக்கு ஜுரம், தூக்கமே இல்ல. ஒண்ணும் ஆவலை. ஆனா அடுத்த டிரிப்பு நான் எடுக்க மாட்டேன்" என்றார். நான் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர் வண்டியை எடுக்கக் கிளம்பினேன். ஷெட்டில் நின்றிருந்த ஒருத்தர் சிரித்தார். "ஒண்ணும் ஆவலன்னா அதை ஏன்யா வந்து சொல்லிக்கினு இருக்கிற?"

வல்லத்துக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஆயிருந்தா நான் சொல்ல வேண்டியதே இல்லையே. ஊரே சொல்லியிருக்கும்."